குறுங்குடல் குழந்தைக்கு எதை, எவ்வளவு, எப்படி ஊட்டுவது?

வாசகர் கேள்விகளும் உணவியலாளர் பதில்களும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வரும் குடல் அழுகல் நோயைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்நோயாலோ வேறு காரணத்தாலோ குடலின் பெரும்பகுதியை இழந்த குழந்தையை எப்படி உணவூட்டி வளர்ப்பது என்று கேட்டே இம்முறை கடிதங்கள் அதிகமாக வந்துள்ளன. எனவே 'ஷார்ட் பவல் சிண்ட்ரோம்' என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் குறுங்குடல் நிலைக்கே இப்பக்கங்களை ஒதுக்குகிறேன். எழுதியவர்கள் விரும்பியபடி பெயர்களை வெளியிடவில்லை. நான் குழந்தைகள் உணவியல் துறையைச் சேர்ந்தவள். மருந்து, ஊசி, உப்பு ஆகியவற்றின் அளவை உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எங்கள் மகன் 31 வாரத்தில் பிறந்தான். பன்னிரண்டாம் நாளில் குடல் அழுகிவிட்டது என்று அறுவைச் சிகிச்சை செய்தார்கள். சிறுகுடலில் 45 சென்டிமீட்டர்தான் மிஞ்சியிருக்கிறது, இலியம் என்ற கீழ்ப்பகுதி பெரும்பாலும் போய்விட்டது, பெருங்குடல் முழுதாக இருக்கிறது என்றார்கள். இப்போது நான்கு மாதம். பார்க்க வருகிறவர்கள், "இந்தக் குடலை வைத்துக்கொண்டு பிள்ளை எப்படித் தேறும்" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். வெட்டிய குடல் மறுபடியும் வளருமா?
— ஒரு தாய், தேனி

பதில்: வெட்டி எடுத்த பகுதி மீண்டும் முளைக்காது. மிஞ்சிய பகுதி வளரும், உங்கள் மகனும் குடல் வேகமாக வளரும் வயதில்தான் இருக்கிறான். நிறைமாதக் குழந்தையின் சிறுகுடல் ஒன்றரை மீட்டர் முதல் மூன்று மீட்டர் வரை இருக்கும் என்று மருத்துவ நூல்கள் பலவாறாகச் சொல்கின்றன. அளக்கும் முறை வேறுபடுவதே இதற்குக் காரணம். வளர்ந்தவருக்கு அது ஆறு மீட்டர் அளவுக்கு நீள்கிறது. தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களில்தான் குடல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆகவே 31 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு மிஞ்சிய 45 சென்டிமீட்டரையும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு மிஞ்சிய 45 சென்டிமீட்டரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. அந்த வயதில் இருக்க வேண்டிய நீளத்தில் எத்தனை பங்கு எஞ்சியிருக்கிறது என்றுதான் குடல் மருத்துவர்கள் இப்போது கணக்குப் பார்க்கிறார்கள்.

நீளம் மட்டுமன்றிக் குடலின் உட்புறமும் மாறுகிறது. உட்சவ்விலுள்ள விரல் போன்ற நுண்ணிய முளைகள் நீண்டு வளர்கின்றன, குழாய் அகலமாகிறது, ஒரே நீளத்தில் உறிஞ்சும் பரப்பு கூடுகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே தொடங்கும் இம்மாற்றம் முதல் இரண்டு ஆண்டுகள் விரைவாகவும், அதன் பிறகு சில ஆண்டுகள் மெதுவாகவும் நடக்கும். இதைத் தூண்டுவது உணவேதான். இரத்தக்குழாய் வழியாக எவ்வளவு சத்து ஏற்றினாலும், குடலுக்குள் ஒன்றுமே போகாவிட்டால் அதன் உட்சவ்வு மெலிந்துவிடும். மணிக்கு இரண்டு மில்லி, மூன்று மில்லி என்று மருத்துவமனையில் பால் செலுத்தும்போது, 'இது எந்த மூலைக்கு' என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அந்த இரண்டு மில்லி அவன் வயிற்றை நிரப்புவதற்காகத் தரப்பட்டதன்று, குடலை வேலையில் வைத்திருப்பதற்காகத் தரப்பட்டது.

பெருங்குடல் முழுதாக இருப்பது உண்மையிலேயே பெரிய துணை. நீரையும் உப்பையும் மீட்டுத் தருவதோடு, சிறுகுடல் தவறவிட்ட மாவுச்சத்தை அங்குள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து, உடல் பயன்படுத்தக்கூடிய சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. இலியம் போனதுதான் இழப்பு. பி12 வைட்டமினையும், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பையும் உறிஞ்சுவதற்கென்றே இலியத்தின் கடைசிப் பகுதி அமைந்திருக்கிறது. அதற்கு மேலுள்ள சிறுகுடல் பகுதியான ஜெஜூனம் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த வேலையைக் கற்றுக்கொள்வதில்லை. ஆகவே பி12 ஊசியை எப்போது தொடங்க வேண்டும் என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள்.

வருகிறவர்களின் கேள்விக்கும் ஒரு பதில் உண்டு. 1960களின் நடுப்பகுதி வரை இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர் பட்டினியால் இறந்தார்கள் என்பது உண்மைதான். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக், டக்ளஸ் வில்மோர் ஆகிய மருத்துவர்கள், முதலில் நாய்க்குட்டிகளை இரத்தக்குழாய் வழி ஊட்டத்தால் மட்டுமே வளர்த்துக் காட்டினார்கள். பின்னர், சிறுகுடல் அநேகமாக முழுவதையும் இழந்த ஒரு பெண் சிசுவை அதே முறையில் எடை கூட வைத்து, 1968இல் அதை வெளியிட்டார்கள். மருத்துவமனையில் 'டி.பி.என்.' என்று நீங்கள் கேட்பது இந்த இரத்தக்குழாய் வழி முழு ஊட்டத்தைத்தான். உங்கள் உறவினர்கள் சொல்வது அதற்கு முந்தைய காலத்துச் செய்தி.

கேள்வி: என் பேத்திக்கு இரண்டு வயது. ஒன்றரை வயதில் குடல் முறுக்கிக்கொண்டு, பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் மேற்பகுதியிலேயே ஸ்டோமா வைத்து, அதாவது குடலை வயிற்றின் மேல் திறந்துவிட்டு, பை மாட்டியிருக்கிறார்கள். எந்நேரமும் தண்ணீர் கேட்டு அழுகிறாள். பச்சைப் பிள்ளை தவிக்கலாமா என்று இளநீர், சாத்துக்குடிச் சாறு, குளுக்கோஸ் தண்ணீர் என மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம். பை உடனே நிரம்பி, ஒட்டிய இடம் பிய்த்துக்கொண்டு வருகிறது. ஐந்து மாதமாக எடை 8 கிலோவிலேயே நிற்கிறது. இரத்தத்தில் சோடியம் சரியாக இருக்கிறதாம். பிறகு ஏன் தேறவில்லை?
— ஒரு பாட்டி, இராமநாதபுரம்

பதில்: அம்மா, பேத்தியின் தவிப்பு உண்மையானது. ஆனால் அதைத் தணிக்க நீங்கள் கொடுப்பவைதாம் அந்தப் பையை நிரப்புகின்றன. எனக்கு வரும் குறுங்குடல் குழந்தைகளின் குடும்பங்களில் நான் அடிக்கடி காணும் பிழை இது. எல்லோரும் அன்பினால் செய்வதால் திருத்துவதும் கடினமாக இருக்கிறது.

சிறுகுடலின் மேற்பகுதி ஓட்டைச் சல்லடையைப் போன்றது. வெறும் தண்ணீர் அதற்குள் போனால், அதன் உப்புச் செறிவைச் சமன் செய்வதற்காக உடலிலிருந்து சோடியம் குடலுக்குள் கசிகிறது. கீழே அதை மீட்டுக்கொள்ள நீண்ட குடல் இருந்தால் பாதகமில்லை, உங்கள் பேத்திக்கு அது இல்லை. இனிப்பான சாறும் குளுக்கோஸ் தண்ணீரும் வேறு விதமாகக் கெடுக்கின்றன. அவற்றிலுள்ள மிகுதியான சர்க்கரை உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துக்கொண்டு பைக்குள் வந்து விழுகிறது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு, சர்க்கரையும் உண்டு. வெயிலில் வந்தவருக்கு அது அமிர்தம்தான், இந்தக் குழந்தைக்கு மருந்தாகாது. மேற்குடல் ஸ்டோமாவிலிருந்து ஒரு லிட்டர் வெளியேறினால் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு அதோடு போய்விடுகிறது. உப்பை இழந்த உடல் மேலும் தாகம் கொள்ளும். தாகத்துக்கு நீங்கள் மீண்டும் தண்ணீர் கொடுப்பீர்கள், அது மீண்டும் உப்பை வெளியே கொண்டுபோகும்.

இந்தச் சுழற்சியை முறிப்பதற்குச் சரியான விகிதத்தில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசல் வேண்டும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு குடற்சுவரைக் கடக்கும்போது சோடியத்தையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது, அவற்றின் பின்னால் நீரும் போகிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோர ஊரான பன்காவ் முகாமில் காலரா பரவியது. ஊசிவழி நீர் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் வாய்வழிக் கரைசலைப் பீப்பாய்களில் வைத்து ஊட்டச் செய்து பல உயிர்களைக் காத்தார். அவர் நம்பியதும் இந்த விதியைத்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம் இருக்கின்றன. இது ஒரு லிட்டர் நீருக்கான அளவு. பொட்டலத்தைப் பிரித்துக் கண்ணளவில் ஒரு டம்ளரில் கொஞ்சம் போடும் பழக்கம் வேண்டாம். பெரிய பொட்டலம் முழுவதையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஸ்டோமாவிலிருந்து மிகுதியாக வெளியேறும் சில குழந்தைகளுக்கு இதைவிட உப்பு கூடிய கரைசல் தேவைப்படும், அதை மருத்துவர் எழுதிக்கொடுப்பார்.

கடையில் வாங்கும்போது அட்டைப் பெட்டியிலுள்ள பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பழச்சுவை சேர்த்த இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகளாக 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைத் தாங்கி மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. உலகச் சுகாதார நிறுவனத்தின் விகிதத்தில் இல்லாத பானங்களுக்கு அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடை விதித்தது. பொருட்களின் பட்டியலை ஒரு முறை படித்துவிட்டு வாங்குங்கள்.

கரைசலை ஒரே மூச்சில் குடிக்கக் கொடுக்காதீர்கள். எங்கள் பிரிவுக்கு வரும் ஒரு தாய், காலையில் கலந்த கரைசலைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, மணிக்கு ஒரு கோடாகப் புட்டியின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருப்பார். அந்தந்த மணிக்கான கோடு வரையில் பாலாடையில் எடுத்து எடுத்துச் சிறுகச் சிறுகப் புகட்டுவார். குழந்தை மறுத்தால் அதையே உறைய வைத்துச் சிறு கட்டியாக நாக்கில் வைப்பார். பிளாஸ்திரிக் கோடுகளைக் கண்டு நான் எழுதிக்கொடுத்த அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது எல்லோருக்கும் அவர் முறையைத்தான் சொல்கிறேன்.

இரத்தத்தில் சோடியம் சரியாக இருந்தும் எடை ஏன் கூடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள், நல்ல கேள்வி. உடல் எப்பாடு பட்டாவது இரத்தத்தின் சோடியத்தைச் சரியாக வைத்துக்கொள்ளும், அதற்கான விலையை வளர்ச்சியில் கொடுக்கும். ஆகவே சிறுநீரிலுள்ள சோடியத்தை அளக்கச் சொல்லுங்கள். அது லிட்டருக்கு 20 மில்லிமோலுக்கும் கீழே இருந்தால், சிறுநீரகம் ஒரு துளி உப்பையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது, உடலில் உப்புப் பஞ்சம் என்று பொருள். எத்தனை கலோரி கொடுத்தாலும் உப்பில்லாமல் குழந்தை எடை கூடாது. 30க்கு மேல் இருக்கும்படி உப்பைக் கூட்டிய பிறகு, உணவில் வேறு எதையும் மாற்றாமலே எடை ஏறத் தொடங்கிய குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்றிலிருந்து பையில் வெளியேறுவதை அளவுக் குவளையில் ஊற்றிக் குறித்து வையுங்கள். 8 கிலோக் குழந்தைக்கு ஒரு நாளில் 320 முதல் 400 மில்லியைத் தாண்டினால், அதாவது கிலோவுக்கு 40 முதல் 50 மில்லிக்கு மேல் போனால், உணவைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தை சோர்ந்துபோனாலோ, கண்கள் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ அளந்துகொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

கேள்வி: ஆறு மாத ஆண் குழந்தை. மூக்குக் குழாய் வழியாக, பம்ப் வைத்து நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாகப் பால் போகிறது. தாய்ப்பால் இருக்கும்போது விலை கூடிய அமினோ அமிலப் பவுடர் எதற்கு? வாயில் கரண்டியைக் கொண்டுபோனாலே குமட்டுகிறானே, அதற்கு என்ன செய்வது?
— ஒரு தந்தை, ஈரோடு

பதில்: தாய்ப்பால் கிடைக்கும்வரை அதுதான் முதல் தேர்வு. அதிலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களும் வளர்ச்சிக் காரணிகளும் எந்தப் பவுடரிலும் இல்லை. தாய்க்குப் பால் போதாதபோது, தாய்ப்பால் வங்கியிலிருந்து கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். நம் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இத்தகைய வங்கிகள் இயங்குகின்றன. புரதத்தை முன்பே உடைத்த பவுடர்களும் அமினோ அமிலப் பவுடர்களும், தாய்ப்பால் இல்லாதபோதும் பசும்பால் புரத ஒவ்வாமை இருக்கும்போதும் பயன்படுபவை. ஒவ்வாமைக்கான அறிகுறி இல்லாதபோதும் உங்களுக்கு அதை எழுதிக்கொடுத்திருந்தால், காரணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடன் வாங்கிப் பவுடர் வாங்கும் குடும்பங்களை நான் அறிவேன்.

சொட்டுச் சொட்டாகச் செலுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே நேரத்தில் நிறையப் பால் வந்தால் குறுகிய குடல் திணறிக் கீழே தள்ளிவிடும். மெதுவாக வந்தால் இருக்கும் பரப்பு முழுவதும் நாள் முழுவதும் வேலை செய்யும். ஆனால் தாய்ப்பாலைப் பம்பில் வைக்கும்போது கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பாலிலுள்ள கொழுப்பு மேலே மிதந்து குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சிரிஞ்சைக் கிடையாக வைத்தால் கடைசியில் சிரிஞ்சிலேயே மஞ்சளாக ஒரு படலம் நின்றுவிடும். அது குழந்தைக்குப் போயிருக்க வேண்டிய கலோரி. சிரிஞ்சின் முனை மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து வைத்துக் குட்டையான இணைப்புக் குழாயைப் பயன்படுத்தினால் கொழுப்பு முதலில் போய்விடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அதே பால் தொங்கக் கூடாது.

குமட்டலைப் பற்றி நீங்கள் கடைசியில் எழுதியிருந்தாலும், எனக்கு இதுவே முதன்மையாகப் படுகிறது. வாயால் உண்டு பழகும் பருவம் தவறிவிட்டால், குடல் தேறிய பிறகும் பிள்ளை உண்ண மறுக்கும். மூன்று வயதில், குழாயை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும், ஒரு வாய்ச் சோற்றை விழுங்கத் தெரியாமல் தவித்த குழந்தைகள் உண்டு. ஆகவே பம்ப் ஓடிக்கொண்டிருந்தாலும், மருத்துவர் ஒப்புதலோடு நாளைக்கு நான்கைந்து முறை, ஐந்து மில்லி தாய்ப்பாலாவது வாய்வழியாகப் போகட்டும். குமட்டும்போது திணிக்காதீர்கள். முதலில் உங்கள் விரலையோ வெறும் கரண்டியையோ அவனே பிடித்து வாய்க்குக் கொண்டுபோகட்டும். நீங்கள் சாப்பிடும்போது மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ரசத்தின் மணம் அவன் மூக்குக்கு எட்டட்டும். பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் உங்கள் ஊரில் இருந்தால் இப்போதே காட்டுங்கள்.

கேள்வி: எட்டு மாத மகளுக்குத் திட உணவு தொடங்கலாம் என்றார்கள். பெருங்குடல் இருக்கிறது, பை இல்லை. கேழ்வரகுக் கூழ், வீட்டில் அரைத்த சத்துமாவுக் கஞ்சி, கீரை மசியல் கொடுக்கலாமா? எம்.சி.டி. எண்ணெய் வாங்க முடியவில்லை. தேங்காய் எண்ணெயும் அதுவும் ஒன்றுதான் என்கிறார்களே?
— வாசகி, கும்பகோணம்

பதில்: சத்துமாவை இப்போதைக்கு ஓரத்தில் வையுங்கள். பத்துப் பதினைந்து தானியமும் பருப்பும் கொட்டையும் சேர்ந்த மாவில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்துக் காய்ச்சினால் மறுநாளே பேதி கூடும். 'கருப்பட்டி நல்லதாயிற்றே' என்று என்னோடு வாதிட்டவர்கள் பலர். இந்தக் குடலுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிய உணவு, முதல் நாள் ஒரு தேக்கரண்டி, மூன்று நான்கு நாட்கள் மலத்தைப் பார்த்துவிட்டு அடுத்தது என்று போங்கள். நன்றாகக் குழைந்த அரிசிச் சோறு, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, தோல் நீக்கிய பாசிப்பருப்பு, வேகவைத்து மசித்த வாழைக்காய் ஆகியவை நல்ல தொடக்கம். இவற்றின் மாவுச்சத்து மெதுவாகக் கரைவதால் சர்க்கரையைப் போல் நீரை இழுப்பதில்லை. பெருங்குடல் இருப்பதால் மிச்சமும் அங்கே பயனாகும். அசைவம் உண்பவர்களாக இருந்தால் முட்டை, முள் நீக்கிய மீன், அரைத்த கோழி இறைச்சி ஆகியவற்றை முன்கூட்டியே கொண்டுவாருங்கள். புரதமும் இரும்பும் துத்தநாகமும் சர்க்கரை இல்லாமல் கிடைக்கும் வழி அது. ஒரு வயது வரை உணவில் உப்புச் சேர்க்க வேண்டாம் என்று மற்றக் குழந்தைகளுக்குச் சொல்வோம். உங்கள் மகளுக்கு அந்த விதி பொருந்தாமல் போகலாம், சிறுநீர்ச் சோடியத்தைப் பார்த்து மருத்துவர் சொல்வார். தேன் மட்டும் ஒரு வயதுக்கு முன் எக்குழந்தைக்கும் கூடாது.

எம்.சி.டி. என்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு. தேங்காய் எண்ணெய் அதற்கு ஈடாகாது. பித்த உப்பின் உதவியின்றியே உறிஞ்சப்படும் எட்டு, பத்துக் கார்பன் கொழுப்பு அமிலங்கள்தான் எம்.சி.டி. எண்ணெயில் இருக்கின்றன. தேங்காய் எண்ணெயில் அவை சிறு பங்கே. அதில் பாதியளவு இருப்பது லாரிக் அமிலம், அது பெரும்பாலும் மற்றக் கொழுப்பைப் போலவே நடந்துகொள்கிறது. அதற்காகத் தேங்காய் எண்ணெயை ஒதுக்க வேண்டாம், சமையலுக்குச் சிறிதளவு தாராளமாகப் பயன்படுத்துங்கள். எம்.சி.டி. எண்ணெயை மட்டுமே நம்புவதும் சரியன்று, குடல் வளர்ச்சியைத் தூண்டுவதில் நீண்ட சங்கிலிக் கொழுப்புக்கே வலு அதிகம்.

கீரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. குடலில் உறிஞ்சப்படாத கொழுப்பு சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால், கீரை போன்ற உணவுகளிலுள்ள ஆக்சலேட் என்ற பொருளைப் பிடித்து வெளியேற்ற ஆளில்லாமல் போகிறது. அது பெருங்குடல் வழியாக இரத்தத்தில் கலந்து, நாளடைவில் சிறுநீரகக் கல்லாகிறது. பெருங்குடல் உள்ள குறுங்குடல் குழந்தைகளுக்குத்தான் இந்த ஆபத்து. பாலக், பசலை, முளைக்கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரி ஆகியவற்றைத் தினசரி உணவாக்காமல் எப்போதாவது சிறிதளவு கொடுங்கள். கேழ்வரகிலும் ஆக்சலேட்டும் நாரும் கணிசமாக இருப்பதால் ஒரு வயது வரை பொறுத்துக்கொள்ளலாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பற்றிய கவலை வேண்டாம், மருத்துவர் மருந்தாகவே தருவார். அந்த மருந்தை உணவோடு சேர்த்துக் கொடுங்கள், அப்போதுதான் ஆக்சலேட்டையும் பிடிக்கும்.

கேள்வி: ஐந்து மாதமாக டி.பி.என். ஏறுகிறது. கண் மஞ்சளாகிவிட்டது. கல்லீரல் கெடுவதற்கு அந்த மருந்தே காரணம் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா? நடுவில் ஒரு நாள் வீட்டில் காய்ச்சல் வந்து தானாகவே விட்டது.
— ஒரு தந்தை, சென்னை

பதில்: காய்ச்சலைப் பற்றி முதலில் சொல்கிறேன். மார்பில் 'சென்ட்ரல் லைன்', அதாவது பெரிய இரத்தக்குழாய்க்குள் செல்லும் குழாய் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை, அந்தக் குழாய் வழியாகக் கிருமி இரத்தத்தில் புகுந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நள்ளிரவானாலும் போய் இரத்தக் கிருமிப் பரிசோதனை எடுத்து, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். குழாயைத் தொடும் ஒவ்வொரு முறையும் கை கழுவுவதும் மூடியைத் தேய்த்துத் துடைப்பதும் அலுப்பூட்டும் வேலைகள்தாம், ஆனால் ஒவ்வொரு தொற்றும் கல்லீரலையும் பாதிக்கிறது.

டி.பி.என்.னை நீங்களாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் குழந்தை பட்டினியாகிவிடும். கல்லீரல் பாதிப்புக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று சோயா எண்ணெயால் ஆன கொழுப்புத் திரவத்திலுள்ள தாவர ஸ்டெரால்கள். அக்கொழுப்பை நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் அளவுக்குக் குறைப்பது, மீன் எண்ணெய் கலந்த திரவத்துக்கு மாறுவது, முழு மீன் எண்ணெய்த் திரவத்தைக் கொடுப்பது என்று வழிகள் இருக்கின்றன. முழு மீன் எண்ணெய்த் திரவத்துக்கு, இத்தகைய மஞ்சள் காமாலை உள்ள குழந்தைகளுக்கென 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இவற்றில் எது கிடைக்கும், எது பொருந்தும் என்று உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். வாய்வழி உணவு கூடக் கூடக் கல்லீரலும் தேறுவதையே பெரும்பாலும் காண்கிறோம்.

கேள்வி: ஏழு வயதுத் தம்பி மகனுக்குக் குழந்தையிலேயே குடல் எடுத்தாகிவிட்டது. சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஜிலேபியும் பாயசமும் வயிறு முட்டச் சாப்பிட்டான். மாலையில் நாக்குக் குழறி, குடித்தவனைப் போலத் தள்ளாடினான். இரத்தத்தில் லாக்டேட் சரியாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பேய்க் கோளாறு என்று மந்திரிக்கச் சொல்கிறார்கள்.
— ஓர் அத்தை, மன்னார்குடி

பதில்: மந்திரிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது 'டி-லாக்டிக் அமில மிகை' என்ற நிலையின் தெளிவான படம். உறிஞ்சப்படாத சர்க்கரை பெருங்குடலுக்கு ஒரேயடியாக வந்து சேர்ந்ததும், அங்குள்ள சில நுண்ணுயிர்கள் அதை டி-லாக்டேட் என்ற அமிலமாக்குகின்றன. மனித உடல் இதை மெதுவாகவே கரைக்கும், ஆகவே மூளை தடுமாறுகிறது. வழக்கமான லாக்டேட் பரிசோதனை மற்றொரு வகையான எல்-லாக்டேட்டை மட்டுமே அளப்பதால், அறிக்கை சரியாகத்தான் இருக்கும். மறுபடி இப்படி நேர்ந்தால் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் நிறுத்தி, நேராக மருத்துவமனைக்குச் சென்று, 'குறுங்குடல் உள்ள பிள்ளை, டி-லாக்டேட் பாருங்கள், இரத்த அமிலத்தன்மையைப் பாருங்கள்' என்று சொல்லுங்கள். அதை ஒரு தாளில் எழுதிப் பள்ளிப் பையிலும் வைத்துவிடுங்கள். நுண்ணுயிர்ப் பெருக்கத்துக்கு மருந்து தர வேண்டியிருக்கலாம். கடையில் விற்கும் நல்நுண்ணுயிர்ப் (புரோபயாட்டிக்) பொடிகளை இவனுக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அவற்றில் சில இதே அமிலத்தை உண்டாக்குபவை.

கேள்வி: மகளுக்குப் பதினொரு வயது. மூன்று வயதோடு டி.பி.என். நின்றுவிட்டது, எல்லாம் சாப்பிடுகிறாள், கபடிகூட ஆடுகிறாள். இலியம் இல்லை. பி12 ஊசியை இனி நிறுத்தலாமா? குடலை வளர்க்கும் ஊசி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம், அதைப் போடலாமா?
— பெற்றோர், திருச்சி

பதில்: நிறுத்தக் கூடாது. கடைசி இலியம் இல்லாதவருக்குப் பி12 வாழ்நாள் தேவை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் ஊசியை நிறுத்திய பின்னும் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட, ஒன்றும் தெரியாது. தெரியும்போது நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கும். ஏ, டி, ஈ வைட்டமின்கள், துத்தநாகம், இரும்பு, மெக்னீசியம் ஆகியவற்றையும் எலும்பின் திண்மையையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருங்கள். பருவ வளர்ச்சியின்போது இவற்றின் தேவை கூடும்.

நீங்கள் குறிப்பிடும் ஊசி டெடுகுளுடைடாக இருக்க வேண்டும். குடல் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட இம்மருந்துக்கு அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 2012இலும் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 2019இலும் ஒப்புதல் கிடைத்தது. நாள்தோறும் தோலுக்கடியில் போட வேண்டும், விலையும் மிக அதிகம். இரத்தக்குழாய் வழி ஊட்டத்தை விட முடியாதவர்களுக்கானது அது. உங்கள் மகள் அதை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கபடி ஆடும் நாட்களில் அவள் புட்டியில் வெறும் தண்ணீருக்குப் பதிலாக ஓ.ஆர்.எஸ். இருக்கட்டும்.